ஜூபிலி மைதானத்துப் புல்

என் சோடாக் கடை ஜூபிலி மைதானத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. மைதானம் வரப் போகிறது என்று கேள்விப்பட்டுத்தான் அங்கே கடையைப் போட்டேன். விளையாடுகிறவனுக்குத் தாகம் எடுக்கும், வேடிக்கை பார்க்கிறவனுக்கும் எடுக்கும் என்று நினைத்தேன். மைதானம் வந்தது. விளையாட்டு வரவில்லை. இரண்டு வருஷம் நானே என் சோடாவைக் குடித்துக்கொண்டு எதிரே வளர்ந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் எரிச்சலோடு பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற வழியில் இருக்கிறது. இங்கிலாந்துச் சக்கரவர்த்தி பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆன ஜூபிலியை முன்னிட்டு ஊர்தோறும் ஏதாவது செய்ய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. சில ஊரில் மரம் நட்டார்கள். சில ஊரில் விளக்குக் கம்பம் நட்டார்கள். எங்கள் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட் பரந்தாம முதலியார் பெரிதாக யோசிப்பவர். 'பொதுஜன விளையாட்டு மைதானம்' என்று எழுதிப் போட்டார். மானியமும் வந்துவிட்டது.

அந்த மானியம் வேலிக்கும், இரும்பு கேட்டுக்கும், முதலியார் பெயர் வெட்டிய கல்லுக்கும் சரியாகப் போயிற்று. தரையைச் சமன் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தத் தரையோ பாதி மேடு, பாதி பள்ளம். வடக்கு மூலையில் எருமை முங்குகிற ஆழத்துக்கு ஒரு குட்டை. முதலியார் சேரி ஜனங்களைக் கூப்பிட்டு, இது பொதுஜனம் விளையாடுகிற இடம், பொதுஜனமே மண் போடுவதுதான் முறை, இதற்கெல்லாம் கூலி கேட்பது அழகில்லை என்று விளக்கினார். அவர்கள் அந்தக் கோடை முழுக்க ஏரியிலிருந்து மண் வெட்டித் தலையில் சுமந்து வந்து கொட்டினார்கள்.

திறப்பு விழாவில் ஊர்க்காரர்கள் வேலிக்கு உள்ளே இருந்தார்கள். மண் சுமந்தவர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். வந்திருந்த துரை இங்கிலீஷில் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள், வெளியே நின்றவர்கள் உள்பட.

சர்க்கார் பணம் போட்ட பொது இடத்தில் யாரையும் வராதே என்று சொல்லக் கூடாதாம், அதற்குச் சட்டம் இருக்கிறதாம். முதலியாருக்குச் சட்டம் தெரியும். அதனால் சேரிக்காரர்களை வராதே என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மைதானத்தைப் பராமரிக்கப் பணம் இல்லை என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான். மைதானம் போட மானியம் தந்த ஜில்லா போர்டு, அதைக் காப்பாற்ற ஒரு தம்படி தரவில்லை. ஆனால் மைதானம் பாழாகக் கிடந்தால் கொடுத்த மானியத்தைத் திருப்பிக் கேட்போம் என்று எழுதியிருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். வேலி விழுந்தால் நிமிர்த்த வேண்டும். காவல்காரர் ஜம்புலிங்கத்துக்குச் சம்பளம் தர வேண்டும்.

முதலியார் வழி கண்டுபிடித்தார். ஏரி மீனை ஏலம் விடுகிறோம், ரோட்டோரத்துப் புளியமரத்தை ஏலம் விடுகிறோம், மைதானத்துப் புல்லையும் ஏலம் விட்டால் என்ன என்றார். விட்டார்கள். அவருடைய மச்சான் கோதண்டம் குத்தகைக்கு எடுத்தார். கோதண்டத்துக்கு எருமைகள் உண்டு. புல் காலில் மிதிபடக் கூடாது என்று கோதண்டம் கேட்டுக்கொண்டதால், முதலியாரே உட்கார்ந்து குத்தகைச் சீட்டில் ஒரு வாசகம் எழுதினார்: 'புல் அறுத்து முடியும் வரை குத்தகைதாரர் சம்மதமின்றி மேற்படி மைதானத்தில் எவரும் பிரவேசிக்கக் கூடாது.' தேதி போடவில்லை. புல் மழையை நம்பி வளர்கிறது, அதற்கு எப்படித் தேதி போடுவது என்றார்.

எவரும் என்றால் எவரும்தான். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் சாயங்காலம் கோதண்டத்தின் சம்மதத்தோடு ஓரமாக உலாவினார்கள். சேரியிலிருந்து யாராவது கேட்டால் கோதண்டம் வானத்தைப் பார்ப்பார். கோல் கம்பம் நட்டால் அதன் நிழலில் புல் மஞ்சளாகும் என்று அதையும் நடவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து அசந்து போனார். ஜில்லாவிலேயே இவ்வளவு பச்சையாக, ஒரு இடம்கூடத் தேயாமல் இருக்கிற விளையாட்டு மைதானம் இது ஒன்றுதான் என்று எழுதிவிட்டுப் போனார். அந்த வாக்கியத்தை முதலியார் ஊரில் எல்லோரிடமும் சொன்னார். என்னிடம் இரண்டு தடவை சொன்னார். சோடா வாங்கவில்லை.

என்னிடம் சோடா வாங்கியது கன்னியப்பன்தான். சேரியில் பொன்னியம்மா என்று ஒரு அம்மாள். குட்டையைத் தூர்த்ததில் பாதி மண் அவள் தலையில் வந்தது என்று சொல்லலாம். அவள் மகன் இவன். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலை. விடியற்காலை ஆவடிக்கு நடந்து போய் ரயிலைப் பிடித்து, சாயங்காலம் அதே மாதிரி திரும்புவான். பட்டறை டீமில் புட்பால் ஆடுகிறவன். முதலியாரை ஊரே ஐயா என்று கூப்பிடும், சேரி ஆண்டே என்று கூப்பிடும். இவன் மட்டும் சார் என்பான். முதலியாருக்கு அதில் கோபித்துக்கொள்ள இடம் இல்லை, ஆனால் கேட்கும்போதெல்லாம் முகம் சுளிப்பார்.

ஒரு நாள் சாயங்காலம் சோடாவை அண்ணாந்து குடித்துவிட்டு வேலியைப் பார்த்தபடி சொன்னான்.

"அண்ணாத்தே, நான் பெரம்பூர் கிரவுண்டுல ஆடிக்கீறேன். பரங்கிமலைல சோல்ஜருங்களோட ஆடிக்கீறேன். எங்கம்மா மண்ணு கொட்டின எடத்துல மட்டும் கால வெக்க முடியல. நீ இன்னாதான் அவ்ளோ நல்லா ஆடறேன்னு ஒரு தபா பாக்கணும்னு அது கேட்டுகினே கீது. எங்க இட்டுகினு போயி காட்றது?"

"பெரம்பூருக்கு இட்டுகினு போயேன்."

"வராது. இங்கதான் பாக்கணுமாம்."

எனக்கு வருத்தமாக இருந்தது. காசு வாங்காமல் விட்டேன். அவன் வைத்துவிட்டுத்தான் போனான்.

மூன்றாம் வருஷத்து ஏலம் ஆடியில் வந்தது. ஜம்புலிங்கம் தமுக்கு அடித்துச் சொன்னார். தமுக்கு அடிப்பது சட்டத்துக்காக. எடுக்கப் போவது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கோதண்டம் ஏலத்துக்கு வருவதைக்கூட நிறுத்திவிட்டிருந்தார். சாவடியில் முதல் நாற்காலியில் தன் துண்டை மடித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். அந்தத் துண்டு கிடந்தால் கோதண்டம் கேட்டதாக அர்த்தம். போன வருஷமும் துண்டுதான் ஏலம் எடுத்தது. முதலியார் துண்டைப் பார்த்து மூன்று தரம் சொல்லி, துண்டுக்கே முடித்துக் கொடுத்தார்.

இந்தத் தடவை வேறு ஏதோ காரியமாக வந்த தாலுகா ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சாவடியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். முதலியார் போன வருஷத் தொகையைச் சொல்லி, "ஒரு தரம்" என்றார். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்ற கன்னியப்பன், "அதுக்கு மேல ஒரு ரூபா, சார்" என்றான்.

முதலியார் துண்டைப் பார்த்தார். துண்டு ஒன்றும் சொல்லவில்லை.

"கோதண்டத்தைக் கூட்டியா" என்று ஜம்புலிங்கத்திடம் மெதுவாகச் சொன்னார். ஜம்புலிங்கம் நகர்வதற்குள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இளநீரிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அந்த ஆள் கேட்டாச்சே. இங்க வேற யாராவது கேக்கறீங்களா?"

அங்கே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோதண்டத்தின் புல்லைக் கேட்டால் நாளைக்குக் கோதண்டத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்பது அவர்கள் கவலை.

"அப்புறம் என்ன, ரெண்டு தரம், மூணு தரம் சொல்லி முடிங்க முதலியார்" என்றார் அவர்.

முதலியார் முடித்தார். உள்ளுக்குள் அவர் தன்னைத் தேற்றிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. போனால் ஒரு வருஷத்துப் புல், அறுத்துக்கொண்டு போகட்டும் என்று நினைத்திருப்பார். சேரியில் கன்னியப்பனுக்கு ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாதே, புல்லை வைத்துக்கொண்டு இவன் என்ன செய்வான் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. கோதண்டத்துக்கு எழுதிய அதே வாசகத்தை வைத்துச் சீட்டு எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். கோதண்டம் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். விஷயத்தை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் கேள்விப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பனும் அவன் கூட்டாளிகளும் சவுக்குக் கம்பு, சுண்ணாம்பு, பந்து எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஜம்புலிங்கம் சீட்டை வாங்கிப் பார்த்தார். அவருடைய சம்பளம் புல் குத்தகையிலிருந்து வருகிறது. ஆகவே குத்தகைதாரர் யாரோ அவர் ஆள்தான் ஜம்புலிங்கம். கேட்டை அகலமாகத் திறந்துவிட்டார். அன்று சாயங்காலம் வழக்கம்போல் உலாவ வந்த பெரியவர்களை நிறுத்தினார்.

"கன்னியப்பன் சம்மதம் வேணுங்க."

"என்னை யாருன்னு தெரியலையா ஜம்புலிங்கம்?"

"தெரியுதுங்க. சம்மதம் வேணுங்க."

பெரியவர்கள் அன்று முதல் ஏரிக்கரையில் உலாவினார்கள்.

கன்னியப்பன் புல்லை அறுக்கவில்லை. அதன் மேல் ஆடினான். பட்டறை விட்டு வந்து இருட்டுகிற வரை தினமும் ஆடினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளானூரிலிருந்தும் வேப்பம்பட்டிலிருந்தும் டீம்கள் வந்தன. என் கடையில் கோலி சோடா போதாமல் பூந்தமல்லிக்குச் சொல்லி அனுப்பினேன். அந்தப் பருவத்தில் என் வாழ்க்கையைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை.

ஊர்ப் பையன்கள் சில நாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பிறகு ஒருவன் போய்க் கேட்டான். கன்னியப்பன், வா என்று விட்டான். அப்புறம் கேட்டவர்கள் எல்லோரையும் விட்டான். வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் போட்ட நிபந்தனை. அந்தப் பையன்களை வீட்டில் கிணற்றடியில் தலையோடு குளித்துவிட்டுத்தான் உள்ளே வர விட்டார்களாம். புட்பால் ஆடினவன் குளிப்பது உடம்புக்கு நல்லதுதான்.

பொன்னியம்மா தினமும் வந்தாள். ஆட்டத்தைப் பார்ப்பதைவிடத் தரையைத்தான் அதிகம் பார்த்தாள். குட்டை இருந்த வடக்கு மூலையில் உட்கார்ந்துகொண்டு, அங்கே முளைக்கிற நெருஞ்சியை ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். மகன் கோல் போட்டால் மற்றவர்கள் கத்துகிறதைக் கேட்டுத்தான் தலையை நிமிர்த்துவாள். மைதானத்து ஓரத்தில் கிடந்த பெஞ்சியில் வந்து உட்காரச் சொன்னேன். இங்கேதான் நன்றாக இருக்கிறது என்றாள். மழை பெய்து மூலையில் மண் உள்வாங்கினபோது, யாரும் சொல்லாமலே கூடை எடுத்து வந்து நிரப்பினாள். அதைப் பார்த்துக் கூட்டாளிகளும் வேலியை நிமிர்த்தினார்கள், கேட்டுக்கு எண்ணெய் போட்டார்கள். போர்டு அந்த வருஷம் மைதானத்துக்காக எதுவும் செலவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஐப்பசியில் முதலியார் அடுத்த ஏலத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. புல் அறுத்து முடிந்தால்தான் குத்தகை முடியும். ஆடுகிற இடத்தில் புல் வளராது. வளராத புல்லை அறுக்க முடியாது. ஆட்டத்தை நிறுத்தினால் புல் வளரும். நிறுத்த வேண்டியவன் குத்தகைதாரன். திருவள்ளூருக்குப் போய் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் சீட்டைப் படித்துவிட்டு, "இதை எழுதினது யார், ரொம்பக் கெட்டியாக எழுதியிருக்கிறாரே" என்று கேட்டாராம். முதலியார் பீஸைக் கொடுத்துவிட்டு வந்தார்.

தை மாதம் மைதான இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்தது. ஜூபிலி மைதானம் யார் கையில் இருக்கிறது என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று முதலியாருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு நாள் சாயங்காலம், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, குடையை ஊன்றிக்கொண்டு தனியாக வந்தார். ஜம்புலிங்கம் எழுந்து நின்றார்.

"கன்னியப்பனைக் கேக்கட்டுங்களா?"

"வேண்டாம். அவனை இங்கே வரச் சொல்லு."

கன்னியப்பன் வேர்க்க வேர்க்க வந்தான். அவன் வேலிக்கு உள்ளே நின்றான், முதலியார் வெளியே நின்றார். ஆட்டம் தானாக நின்று, வேடிக்கை பார்க்க வந்த சேரிப் பெண்கள் உள்பட எல்லோரும் அவன் பின்னால் கூடினார்கள். நான் கடையை விட்டுவிட்டு வேலியோரம் போனேன்.

"உள்ள வாங்க சார்" என்றான் கன்னியப்பன்.

"இருக்கட்டும்" என்றார் முதலியார். "கன்னியப்பா, ஓரத்தில பெஞ்சிக்கு அடியில கொஞ்சம் புல்லு இருக்கு. அதை அறுத்துடு. அறுத்து முடிஞ்சதுன்னு எழுதிக்கறேன்."

"அறுத்தா ஏலம் வரும். கோதண்டம் சார் இந்த தபா துண்ட அனுப்ப மாட்டாரு, அவரே வருவாரு."

"அதைத்தான் சொல்ல வந்தேன்." முதலியார் குரலைத் தாழ்த்தினார். "வருஷா வருஷம் உனக்கு எதுக்கு இந்த ஏலம், வம்பு? சுடுகாட்டுக்குப் பக்கத்தில புறம்போக்கு கிடக்கு. உங்களுக்குன்னே தனியா மைதானம் போட்டுத் தரேன். கோல் கம்பம் நட்டுத் தரேன். குத்தகை கிடையாது, சீட்டு கிடையாது. யாரும் வந்து உங்களைக் கேக்க மாட்டாங்க. தீர்மானம் போட்டு எழுத்திலேயே தரேன்."

நல்ல பேச்சுதான். ஒரு குறையும் சொல்ல முடியாத பேச்சு. கன்னியப்பனுக்குப் பின்னால் நின்றவர்களில் பாதிப் பேருக்குக் கோதண்டத்தின் வயலில்தான் வேலை. நடவுக்குக் கூப்பிடுவாரா மாட்டாரா என்ற பயம் அவர்களுக்கு ஆடியிலிருந்தே இருந்தது. ஒருத்தன் கன்னியப்பன் காதருகில், "ஒத்துக்கோ மச்சான், நம்பள்துன்னு ஒண்ணு கெடைக்குது" என்றான். இன்னொருவனும் தலையாட்டினான். அவன் ஒத்துக்கொள்ளக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன். சுடுகாட்டுப் பக்கம் போய் நான் சோடா விற்க முடியாது என்பது ஒரு காரணம். இவன் சரி என்று சொல்லிவிட்டால் இனி இந்த வேலி இந்த ஜன்மத்துக்குத் திறக்காது என்பது இன்னொரு காரணம், அதுதான் பெரிய காரணம்.

கன்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டாளிகளைப் பார்த்தான். அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது தன் ஒரு வார்த்தையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

வடக்கு மூலையிலிருந்து பொன்னியம்மா எழுந்து வந்தாள். நெருஞ்சி பிடுங்கிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அந்தச் சுடுகாட்டுப் பக்கம் மேடா பள்ளமா ஆண்டே?"

"பள்ளம்தான்" என்றார் முதலியார். "கொஞ்சம் தூர்க்கணும்."

"யாரு தூர்க்கறது?"

முதலியார் யோசித்தார். கூட்டத்தைப் பார்த்தார், குடையைக் கை மாற்றிக்கொண்டார். அவளைத் திருப்திப்படுத்துகிற பதில் ஒன்று கிடைத்ததும் அவர் முகம் தெளிந்தது.

"நீங்கதான். ஆனா இந்தத் தடவை கூலி உண்டு."

காதருகில் பேசினவன் கன்னியப்பனை விட்டு விலகி நின்றான். தலையாட்டினவன் முதலியாரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் காலடியைப் பார்த்தான். அவனும் அந்தக் கோடையில் கூலி இல்லாமல் சுமந்தவன்தான். கூட்டத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் சுமந்தவர்கள்தான். ஒத்துக்கொள் என்று இனி யாரும் சொல்லப் போவதில்லை என்பது எனக்கே தெரிந்துவிட்டது.

"வாணாம் ஆண்டே" என்றாள் பொன்னியம்மா, கோபம் இல்லாமல். "இங்க போட்டதே போதும்."

பிறகு மகனைப் பார்த்து, "நீ போயி ஆடு நைனா, வெளிச்சம் போவுது" என்றாள். இந்தத் தடவை மூலைக்குப் போகவில்லை. ஆட்டம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.